வேர் வெளிப்பட்ட நிலம்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் வழியில் நாம் காண்பது பெரும்பாலும் சமனான செம்மண் நிலமும், அதன்மேல் தனித்தனியே நிற்கும் குன்றுகளுமாகும். தரை முதலில் இருந்தது, குன்றுகள் பின்னர் முளைத்தன என்றே எவருக்கும் தோன்றும். நிலநூல் அறிஞர் கூறுவது வேறு. இத்தரை, தேய்ந்தழிந்த ஒரு பெருமலைத் தொடரின் அடிவேர். குன்றுகள் அவ்வேரில் தேயாது எஞ்சிய முடிச்சுகள்.

ஏர்க்காட்டைத் தாங்கும் சேர்வராயன் மலையின் கருங்கல்லே இதற்குச் சான்று. அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து தாமஸ் ஹாலந்து 1893-இல் இட்ட பெயர் அது. நம் மலைக் கல்லுக்கு வங்கத்துக் கல்லறையொன்று பெயர் தந்தது விந்தையே! இக்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. அவ்வளவு ஆழத்திலிருந்து அது மேலே வந்தது எங்ஙனம்? நிலப்பகுதிகள் மோதி நெருக்குண்டபோது பூமியின் தோடு தடித்தது. அத்தோடு, கீழுள்ள கனத்த பாறையின்மேல், காவிரியில் பரிசல் மிதப்பதுபோல் மிதக்கிறது. பரிசலின் சுமையை இறக்க இறக்க அது மேலெழுமன்றோ? மழையும் ஆறும் மலையுச்சியை அரித்துச் செல்லுந்தோறும் அடியிலிருந்த கல் உயர்ந்தது.

கஞ்சமலையும் அதே நெருக்குதலுக்குச் சாட்சி. பண்டு நீரடியில் அடுக்கடுக்காகப் படிந்த இரும்புக் கல் அங்கே பாய் மடிந்ததுபோல் மடிந்து கிடக்கிறது. 1830-களில் பரங்கிப்பேட்டையில் உலை அமைத்த ஹீத் என்பார் சேலத்து இரும்புக் கல்லையே நம்பியிருந்தார்.

சேலத்தின் வடபுறத்து வெண்குன்றுகளை ஆங்கிலேயர் சுண்ணக் குன்றுகள் என்றனர். பெயர் பொருந்தாது. அவர்கள் நாட்டுச் சுண்ணம் கடலுயிர்களின் ஓட்டால் ஆனது, இங்குள்ளதோ மேக்னசைட். தோட்டுக்கும் கீழிருந்து வந்த பாறையில் நீரும் கரியமிலவாயுவும் ஊடுருவ, விளைந்த வெண்ணரம்புகள் அவை.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட், ஆழத்தில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து உறைந்த வெளிறிய கல். நிலவின் மேட்டு நிலங்களும் இவ்வினக் கல்லாலானவை. ஆதலால், 2019-இல் ஏவப்பட்ட சந்திரயான் 2-இன் பொருட்டு, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இவ்வூரிலிருந்தும் குன்னமலையிலிருந்தும் கல்லெடுத்துப் பொடித்து, பெங்களூரில் நிலவின் மண் போன்றதொரு தரை அமைத்து, தன் ஊர்தியை அதன்மேல் ஓட்டிப் பார்த்தது.