உறுப்பும் மண்டலமும்: தமிழ் உடலியற் சொற்களின் வரலாறு

0. முன்னுரை

மனித உடலின் உறுப்புகளுக்குத் தமிழில் தொன்றுதொட்டே பெயர்கள் உண்டு. ஆனால் ‘உறுப்பு மண்டலம்’ என்னும் கருத்தாக்கம் பிற்காலத்தது. தனித்தனி உறுப்புகள் பல இணைந்து செரித்தல், மூச்சுவிடுதல், குருதியைச் சுற்றிவரச் செய்தல், உணர்வைக் கடத்துதல், கழிவை நீக்குதல் போன்ற தொழில்களை ஆற்றுகின்றன என்னும் பகுப்பு ஐரோப்பிய உடலியலில் வளர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் பாடநூல்களின் வழியே தமிழுக்கு வந்தது. அப்போது பழைய உறுப்புப் பெயர்கள் புதிய அமைப்புக்குள் பொருத்தப்பட்டன. சில பெயர்களின் பொருள் குறுகியது. சில இடம் மாறின. சில இரு நாடுகளில் இருவேறு பொருள் பெற்றன. இவ்வரலாற்றையும் மொழிபெயர்ப்பில் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. உறுப்புப் பெயர்களின் அமைப்பு

பழைய உறுப்புப் பெயர்கள் பல கண்ணுக்கும் கைக்கும் புலப்படும் தன்மையை அடிப்படையாகக் கொண்டவை. ஈரல் என்னும் பொதுச்சொல் கல், மண், நுரை என்னும் அடைகளைப் பெற்றுக் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என மூன்றாகப் பிரிகிறது. இன்றைய உடலியலில் நுரையீரல் சுவாச மண்டலத்தைச் சார்ந்தது. கல்லீரல் பித்தநீரைச் சுரந்து செரித்தலுக்குத் துணைபுரிவது. மண்ணீரல் நிணநீர் மண்டலத்தின் உறுப்பு. சொல்லமைப்போ இம்மூன்றையும் ஓரினமாகக் காட்டுகிறது. இது தொழில்வழிப் பகுப்பன்று, தோற்றவழிப் பகுப்பு.

தொழில்வழிப் பெயர்களும் உண்டு. இரைப்பை என்பது உணவு தங்கும் பை. குண்டிக்காய் என்னும் பெயர் உறுப்பைக் காயாகக் கண்டது. இன்று வழங்கும் சிறுநீரகம் என்னும் பெயர் அதன் தொழிலைக் கூறுகிறது. ஒரே உறுப்பின் பெயர் வடிவத்திலிருந்து தொழிலுக்கு மாறியமை உடலைப் பற்றிய நோக்கு மாறியமைக்குச் சான்று எனலாம்.

தொழிலைக் குறிக்கும் வினைகளும் மாறியுள்ளன. திருக்குறளின் மருந்து அதிகாரம் உணவு செரித்தலை ‘அறுதல்’ என்னும் வினையால் சுட்டுகிறது. அப்பொருளில் அவ்வினை இன்று வழங்குவதில்லை. சீரணம், செரிமானம் என்பவை தமிழ்நாட்டிலும், சமிபாடு என்பது இலங்கையிலும் நிலைபெற்றன.

2. யாழ்ப்பாண முயற்சி

மேலை உடலியலை முறையாகத் தமிழில் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) 1847-இல் அங்கு வந்து, மானிப்பாயை மையமாகக் கொண்டு மருத்துவப் பணியாற்றினார். தமிழ் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். கால்வின் கட்டரின் பாடநூலைத் தழுவிய ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1850களில் வெளிவந்தது. ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும் ‘மனுஷ சுகரணம்’ 1883-இலும் வெளிவந்தன. இவற்றின் ஆக்கத்தில் கிறீனின் மாணவர்களுக்கும் பங்குண்டு.

இத்தலைப்புகளே அக்காலச் சொல்லாக்க நெறியைக் காட்டுகின்றன. உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், உடலியங்கியலுக்குச் சுகரணம், உடல்நலம் பேணலுக்கு உற்பாலனம் என வடமொழிக் கூறுகளைக்கொண்டு சொற்கள் ஆக்கப்பட்டன. மறுபுறம் வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என ஆங்கிலச் சொல் தமிழ் ஈறு பெற்றது. பின்வந்தோர் இத்துறைப்பெயர்களை ஏற்கவில்லை. 1916-இல் சேலத்தில் தோன்றிய அறிவியற் கலைச்சொற் சங்கத்தின் காலந்தொட்டுத் தமிழ்நாட்டிலும், 1950களில் அரசகரும மொழித் திணைக்களத்தின் வாயிலாக இலங்கையிலும் சொல்லாக்கப் பணிகள் தனித்தனியே நடைபெற்றன. இன்றைய வேறுபாடுகளில் பெரும்பாலானவை இப்பிரிவின் விளைவு.

3. மண்டலமும் தொகுதியும்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நரம்பு மண்டலம், செரிமான மண்டலம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி என்கின்றன. மண்டலம் என்பது வட்டம், நிலப்பகுதி என்னும் பொருளுடையது. யோக, சித்த மருத்துவ நூல்களில் உடலின் மூன்று பகுதிகள் அக்கினி, சூரிய, சந்திர மண்டலங்கள் எனப்படும். மருந்துண்ணும் கால அளவுக்கும் மண்டலம் என்றே பெயர். உடலின் ஓரிடத்தைக் குறிக்கும் மரபு இச்சொல்லுக்கு முன்பே இருந்தமையால் இது எளிதில் ஏற்கப்பட்டிருக்கலாம்.

ஆயினும் உறுப்பு மண்டலம் என்பது இடம்பற்றிய பகுப்பன்று. கபச் சுரப்பி தலையிலும், தைராய்டு கழுத்திலும், அண்ணீரகச் சுரப்பி வயிற்றின் பின்புறத்திலும் உள்ளன. இவை தம் சுரப்புகளைக் குருதியில் விடுதலாகிய பொதுத்தன்மையால் ஒரு மண்டலமாகின்றன. இவ்வகையில் தொகுதி என்னும் சொல் பொருத்தமுடையது. ஆனால் தமிழ்நாட்டு விலங்கியலில் தொகுதி என்பது உயிரினப் பாகுபாட்டின் ஒரு படிநிலை; இலங்கையில் அதனைக் கணம் என்பர். ஒரு துறையில் ஒரு சொல்லை மாற்றினால் அடுத்த துறையில் இடர்ப்பாடு தோன்றும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

4. நரம்பு

பொருள் மாற்றத்தை நரம்பு என்னும் சொல்லில் தெளிவாகக் காணலாம். பழந்தமிழில் இது யாழின் நரம்பையும், உடலில் கயிறுபோல் தோன்றும் இழைகளையும் குறித்தது. கிரேக்கத்தில் ‘நியூரான்’ என்ற சொல்லும் தொடக்கத்தில் தசைநாணையும் வில்நாணையுமே குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் உடலை அறுத்து ஆராய்ந்து, உணர்வும் அசைவும் கடத்தும் இழைகளை வேறுபடுத்தினார். அதன்பின் அச்சொல்லின் பொருள் குறுகத் தொடங்கியது. கிரேக்கத்தில் ஆய்வின்வழி நேர்ந்த குறுக்கம் தமிழில் மொழிபெயர்ப்பின்வழி நேர்ந்தது.

ஆனால் அக்குறுக்கம் பாடநூலோடு நின்றுவிட்டது. பேச்சுவழக்கில் ‘நரம்பு ஊசி’ என்பது சிரைவழிச் செலுத்தும் ஊசி. புறங்கையில் புடைத்துத் தெரியும் ‘பச்சை நரம்பு’ சிரை. ‘நரம்பு சுருட்டல்’ சிரைநோய். ‘நரம்பு பிசகிவிட்டது’ என்பவர் பெரும்பாலும் தசையையோ தசைநாணையோ கருதுகிறார். தாவரவியலிலும் இலையின் நீர்க்கடத்தும் இழைகளின் அமைப்பு ‘நரம்பமைவு’ எனப்படுவதால், பழைய பொருள் அறிவியலிலும் எஞ்சியுள்ளது.

மூளை என்னும் சொல்லும் இத்தகையதே. சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்றாதுக்களில் மூளை என்பது எலும்பினுள் உள்ள மச்சை. அந்நூல்களை மொழிபெயர்ப்போர் அதனைத் தலையிலுள்ள மூளை எனக் கொண்டால் தாதுக்களின் வரிசையே பொருளற்றதாகிவிடும்.

5. நாடி, நாளம், தமனி, சிரை

இதயத்திலிருந்து குருதியை வெளிக்கொண்டு செல்லும் குழாயும், இதயத்திற்குக் கொண்டுவரும் குழாயும் வேறு என்னும் பகுப்பு, வில்லியம் ஹார்வி 1628-இல் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவியபின் தெளிவான பொருள் பெற்றது. இவ்விரண்டையும் தமிழ்நாட்டார் தமனி, சிரை என்றனர். இலங்கையார் நாடி, நாளம் என்றனர். தமனி, சிரை என்பவை சுசுருத சங்கிதையில் வழங்கும் சொற்கள். அந்நூல் சிரை 700 என்றும் தமனி 24 என்றும் எண்ணுகிறது. இன்றைய பகுப்பு அங்கில்லை. நாடி என்பது மருத்துவர் மணிக்கட்டில் தொட்டறியும் துடிப்பின் பெயர். அத்துடிப்பு தோன்றும் குழாய்க்கே அப்பெயரை இட்டமை இயல்பான விரிவாகும்.

சிக்கல் நாளத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் இரத்தநாளம் என்பது குருதிக்குழாய் அனைத்திற்கும் பொதுப்பெயர். ‘நாளமில்லாச் சுரப்பி’ என்னுமிடத்து நாளம் சுரப்பின் குழாய். இலங்கையில் நாளம் சிரை ஒன்றையே குறிக்கும். சுரப்பின் குழாயை அங்குக் கான் என்பர். எனவே ‘நாளத்தில் அடைப்பு’ என்னும் தொடர் தமிழ்நாட்டார்க்குப் பொதுவாகவும், இலங்கையார்க்குக் குறிப்பிட்ட ஒருவகைக் குழாய் பற்றியதாகவும் பொருள்படும். மருத்துவமனையில் இவ்வேறுபாடு நோய் வேறுபாடாகும்.

பழைய பாடநூல்களின் சுத்த இரத்தம், அசுத்த இரத்தம் என்னும் வழக்கும் கருதத்தக்கது. நுரையீரல் தமனி உயிர்வளி குறைந்த குருதியைக் கொண்டு செல்கிறது. ஆகவே குருதியின் தன்மையைக்கொண்டு குழாய்க்குப் பெயரிடுதல் பொருந்தாது. குருதி செல்லும் திசையே வரையறை.

6. முடிவுரை

கலைச்சொல் ஒன்று தரப்படுத்தப்பட்டவுடன் அதன் பழைய பொருள் மறைவதில்லை. பாடநூலில் ஒரு பொருளும் நோயாளியின் பேச்சில் மற்றொரு பொருளும் ஒரே காலத்தில் வழங்குகின்றன. ஆகவே உடலியற் கலைச்சொல் அகராதிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் வழங்கும் நாடு, பேச்சுவழக்குப் பொருள், மருத்துவ மரபுப் பொருள் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். நோயாளி கூறும் ‘நரம்பு வலி’யை மொழிபெயர்ப்பவர் இடத்தையும் தன்மையையும் கேட்டறிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும். அறுவைக்கு இசைவு பெறும் படிவங்களில் தமனி, சிரை, நாடி, நாளம் என்பவற்றைத் தனித்து நிறுத்தாமல், ‘இதயத்திலிருந்து இரத்தம் செல்லும் குழாய்’, ‘இதயத்திற்கு இரத்தம் திரும்பும் குழாய்’ என்னும் விளக்கத்தோடு எழுதினால், சென்னையில் ஆக்கப்பட்ட படிவம் யாழ்ப்பாணத்தாருக்கும் அதே பொருளைத் தரும்.