சத்தம் யாருக்காக?

போன வாரம் பெங்களூரில் ஒரு பப்பில், எதிரில் இருந்த நண்பரிடம் பேசவே கத்த வேண்டியிருந்தது. குறைக்கச் சொன்னோம், சிரித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்தும் காதில் ரீங்காரம். சட்டம் என்னதான் சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, வணிகப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 55 டெசிபல். 2005-ல் உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு அந்த இடத்தின் எல்லையில் வரம்பு வைத்தது. இரண்டும் பார்ப்பது வெளியே இருப்பவர் காதைத்தான். கதவை இறுக்கிச் சாத்தினால் தீர்ந்தது! காசு கொடுத்து உள்ளே உட்கார்ந்திருப்பவர் காது?

அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஓர் அளவு சொன்னது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆனால் அது பரிந்துரைதான், சட்டமல்ல.

ஆகவே மக்களே, ஸ்பீக்கரை விட்டுத் தள்ளியே உட்காருங்கள்.