கைநாட்டும் கைரேகையும்



நம்ம அம்மா, பாட்டி காலத்துல அடகுச் சீட்டா இருந்தாலும் பத்திரமா இருந்தாலும் இடது கை பெருவிரலை மையில் அழுத்தி வைப்பாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. ‘கைநாட்டு’ என்பது ஏச்சாகவே ஆகிப்போச்சு.

இந்த வழக்கத்தை அரசு கையில் எடுத்த கதை பழையது. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒரு ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் பதிய வைத்தார். பின்னாடி அவர் பேச்சு மாறக்கூடாது என்பதுதான் காரணம். 1897-இல் கல்கத்தாவில், குற்றவாளிகளை அடையாளம் காணக் கைரேகை நிலையமே திறந்தாங்க. ஆக, ரேகை எடுப்பது சந்தேகத்தில் பிறந்த பழக்கம்.

1989-இல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கைநாட்டு வைத்தவங்க தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டாங்க. “படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடக்கூடாது” என்பதுதான் குழுவில் நாம கற்ற முதல் பாடம்.

பிறகு ஆதார் வந்தது. 2010 செப்டம்பர் 29-இல் மகாராஷ்டிராவின் தெம்பிளி கிராமத்தில் ஒரு பழங்குடிப் பெண்ணுக்குத்தான் முதல் எண் கிடைத்தது. பத்து விரல், இரண்டு கருவிழி, ஒரு போட்டோ, 12 இலக்கம். 2017-இல் நம்ம ரேஷன் அட்டை ஸ்மார்ட் கார்டாச்சு. 2020 அக்டோபரில் ரேஷன் கடையில் விரல் வைக்கும் முறை வந்தது. ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்களும் சொந்த ஊர் அட்டையை வைத்து இங்கேயே அரிசி வாங்க முடிவது இதனால்தான்.

ஆனா பாத்திரம் தேய்ச்சு, நாற்று நட்டு, செங்கல் சுமந்த கையில் ரேகை தேய்ஞ்சு போகுது. மெஷின் “பொருந்தவில்லை” என்கிறது. அது நம்ம குற்றம் இல்லை. ரேகை விழலைன்னா கருவிழிப் பதிவு, போனுக்கு வரும் ஓ.டி.பி. என்று வேறு வழி இருக்கான்னு கேளுங்க. வெறுங்கையோடு திரும்பாதீங்க. தனியா கேட்கத் தயக்கமா இருந்தா குழுவோடு போய்க் கேளுங்க.

இன்னொன்று. இன்னைக்கு விரல் வைத்தாலே வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். ஆக, விரல்தான் இப்போ நம்ம கையெழுத்து. எவ்வளவு தொகை, எதற்காக என்று மெஷினில் பார்த்த பிறகே விரல் வையுங்க. ரசீது கேட்டு வாங்குங்க. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீங்க. கடன் தர வர்றவங்க ஆதார் நகல் கேட்டா, எதற்கு என்று கேட்டு, அந்தக் காரணத்தையும் தேதியையும் நகல் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.

அம்மா தெரியாம வைத்த அதே விரலைத்தான் நாமும் வைக்கிறோம். நாம தெரிஞ்சு வைப்போம்.