கூரையிலிருந்து இருக்கைக்கு அடியில்: வன்னி வாகனங்களில் ஒலி

இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியில் உள்ள கிளிநொச்சியின் வாகனங்களில் ஒலி முதலில் ஏறிய இடம் கூரை. இரும்புக் குழாய் ஒலிபெருக்கி கூரைமேல் இருந்து ஊருக்குச் செய்தி சொன்னது. பிறகு வானொலியும் கசற்றும் ஓட்டுநருக்கு அருகே வந்தன. அண்மைக் காலத்தில் அது பின்னிருக்கைக்கு அடியில், மரப்பெட்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு வரிசை இருக்கை கொண்ட டபிள் கப் பிக்கப் வாகனத்தின் பின்னிருக்கையை ஓரிரு அங்குலம் உயர்த்தி, அதன் கீழ் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைப் பொருத்தும் வேலை இந்தக் கடைசிக் கட்டத்துக்கு உரியது. வன்னியில் ஒவ்வொரு கட்டத்தையும் அந்தந்தக் காலத்தின் தட்டுப்பாடே தீர்மானித்தது. முதலில் மின்சாரம் இல்லை. அடுத்து பற்றரியும் எரிபொருளும் இல்லை. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மிஞ்சிய குறை இடம் ஒன்றுதான்.

இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலநெருக்கடியைத் தணிக்க 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. வாய்க்கால் வழியே நீண்ட நெற்காணிகள், காணிக்கொரு வீடு என்ற அமைப்பில் வீடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஒருவர் உரத்துக் கூப்பிட்டால் அடுத்த வளவுக்குக் கேட்கலாம், அடுத்த வாய்க்காலுக்குக் கேட்காது. திருவிழா, கூட்டம், தேர்தல் என எதுவானாலும் செய்தி வாகனத்தில் ஏறித்தான் வரவேண்டியிருந்தது.

கூரைக் குழாய் அந்த வேலைக்கே பிறந்தது. சாதாரண கூம்பு ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்களவையே ஒலியாக்குகிறது. குழாய் ஒலிபெருக்கி பத்துப் பங்குக்கு மேலும் ஆக்கும். எனவே ஒரு கார் பற்றரியும் முப்பது நாற்பது வாற்று அம்பிளிபயரும் போதும், குரல் வயல்வெளியைத் தாண்டிவிடும். வால்வு அம்பிளிபயர்களுக்குப் பற்றரியின் 12 வோல்ட்டை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும் கருவி தேவைப்பட்டது. ட்ரான்சிஸ்டர் வந்தபின் அந்தத் தலைவலியும் போயிற்று. குழாயின் குறை வேறு. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. பேச்சு தெளிவாக வரும், நாதஸ்வரம் வரும், தவிலின் தொப்பிப் பக்கத்து அடி வராது. இந்த விடுபட்ட அடியைத் தேடிப் போனதன் விளைவே பின்னாளின் பெட்டி.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது உள்ளூர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. வன்னிக் கமக்காரர் கையில் பணம் புழங்கியது, உழவு இயந்திரங்கள் பெருகின. அதே கட்டுப்பாடு வெளிநாட்டு வானொலிப் பெட்டியை அரிதாக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பானியக் கசற் வானொலிகள் கடைகளுக்கு வந்தன. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் தோளில் சுமந்துவந்த 'ரூ-இன்-வன்' பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. உழவு இயந்திரத்தின் மட்காட்டில் கயிறு போட்டுக் கட்டிய கசற் பெட்டியும், மினிபஸ்ஸின் கூரைத் தகட்டில் வெட்டிப் பதித்த சிறிய ஸ்பீக்கர்களும் வாகன ஒலியின் இரண்டாம் கட்டம்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்கான மின்விநியோகம் அறுந்தது, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து ஆகியவற்றோடு டோர்ச்லைட் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தது. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. பாட்டுக்காக அல்லாமல், செய்திக்காக வானொலி உயிர்நாடியான காலம் இது. பிபிசி தமிழோசைக்கும் வெரித்தாஸ் வானொலிக்கும் நேரம் பார்த்துக் காத்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் விடுதலைப் புலிகளின் 'புலிகளின் குரல்' ஒலிபரப்பும் தொடங்கியது.

பற்றரி இல்லாத வானொலிக்குச் சைக்கிள் டைனமோ கைகொடுத்தது. சைக்கிளைத் தலைகீழாக, ஆசனமும் ஹான்டிலும் நிலத்தில் படும்படி நிறுத்துவார்கள். டைனமோவின் தலை பின்சில்லின் டயரோடு உரசும்படி சாய்த்துவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாற்று தரக்கூடியது. ஒன்றரை வோல்ட் பற்றரி நான்கு போடும் வானொலிக்கும் 6 வோல்ட்தான் வேண்டும். இந்த ஒற்றுமை தற்செயலானது, ஆனால் பேருதவியானது. டைனமோ தருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் டையோடுகளும் ஒரு மின்தேக்கியும் வேண்டும். பழுதான வானொலி ஒன்றின் வயிற்றிலிருந்து அவை எடுக்கப்பட்டன. சுற்றுபவர் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தேயும். தலைப்புச் செய்திக்கு ஒருவர், விரிவான செய்திக்கு இன்னொருவர் என்று ஆள் மாறிச் சுற்றியதும் உண்டு.

வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. அதனால் முதலில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மோட்டார் சைக்கிளில் தொங்கிய சேலைன் போத்தலும் அதன் குழாயும் அந்தத் துளிகளுக்காகத்தான். அமுக்கவிகிதம் குறைந்த பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் இந்த எண்ணெயைத் தாங்கின, புதியவை முரண்டு பிடித்தன. அந்தப் பழைய கார்களின் டைனமோ அதிகபட்சம் சுமார் 22 அம்பியர் தரும். முன்விளக்குக்கும் தீப்பொறிக்கும் போக மிஞ்சுவது சொற்பம். கூரைமேல் மீண்டும் குழாய் ஏறியது. அறிவித்தல்களும் மரண அறிவித்தல்களும் இயக்கப் பாடல்களும் அதன்வழியே வந்தன. மின்சாரம் இல்லாத ஊரில், குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் கருவிக்கு மாற்று இல்லை.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது, 1998 செப்டெம்பரில் புலிகளிடம் திரும்பியது. நகரத்தில் கூரையோடு நின்ற கட்டடங்கள் மிகக் குறைவு. போர்நிறுத்தத்தின் பின் 2002 ஏப்ரல் 8ஆம் திகதி ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து வான்களும் பிக்கப்களும் வந்தன, கூடவே சீடி பிளேயரும் ரெடிமேட் ஸ்பீக்கர் பெட்டியும் வந்தன. பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்த சந்தை நான்கே ஆண்டுகள் திறந்திருந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2007 நவம்பர் 27இல் கிளிநொச்சியிலிருந்த புலிகளின் குரல் நிலையம் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. 2009 ஜனவரி 2இல் நகரம் மீண்டும் இராணுவத்திடம் போனது. மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே நகர்ந்தார்கள். அந்த வாகனங்களில் பல புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் கைவிடப்பட்டு, பிறகு பழைய இரும்பாகப் போயின.

போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய பின் மின்கம்பிகள் கிராமங்களுக்கு வந்தன, 2013 செப்டெம்பரில் ரயிலும் கிளிநொச்சிக்குத் திரும்பியது. கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்களில் திரையும் பாட்டும் கட்டாயம்போல் ஆயின. கோயில் பக்கம் பார்த்தால் மாற்றம் இன்னும் துலக்கம். தூக்குக்காவடி எடுப்பவரைச் சுமந்துவரும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால், பெட்டியில் அடுக்கிய ஸ்பீக்கர்களோடு இன்னொரு வாகனம் வரத் தொடங்கியது. வற்றாப்பளையின் வைகாசிப் பொங்கலுக்கும் புளியம்பொக்கணையின் பங்குனி உத்தரத்துக்கும் போகும் வழிகளில் குழாயின் ஆட்சி முடிந்து பெட்டியின் ஆட்சி தொடங்கியதை எவரும் காதாலேயே அறியலாம், நெஞ்சாலும் அறியலாம். கீழ்ச்சுருதி உடம்பில் விழும் ஒலி.

அதே ஒலியைச் சொந்த வாகனத்துக்குள் கொண்டுவர விரும்புபவருக்கு வரும் சிக்கல் காற்றின் சிக்கல். மூடிய பெட்டிக்குள் கூம்பு பின்னோக்கி அசையும்போது உள்ளிருக்கும் காற்று அமுங்கி எதிர்க்கிறது. பெட்டி சிறிதானால் எதிர்ப்புக் கூடும், கீழ்ச்சுருதி மேலே ஏறிவிடும், 'பூம்' என்று வரவேண்டிய அடி 'டப்' என்று வரும். பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பீக்கரின் வில்லாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் காட்டினார். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லீற்றர் என்று கணக்கிடும் முறையை அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வகுத்தார், ரிச்சர்ட் சிமோல் 1970களின் தொடக்கத்தில் விரிவாக்கினார். சிறிய பெட்டி, ஆழமான அடி, குறைந்த மின்சாரம் ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டைத்தான் பெறலாம் என்பது இத்தொழிலின் பழைய விதி. மூன்றையும் தருவதாக விளம்பரம் செய்யும் பெட்டிகள் எந்தச் சந்தையிலும் உண்டு. அவற்றை நம்புவது வாங்குபவரின் பாடு.

காரில் டிக்கி உண்டு, வானில் பின்பக்கம் உண்டு. டபிள் கப்பில் இரண்டும் இல்லை. பின்னிருக்கையின் சாய்வு கபினின் பின்தகட்டோடு கிட்டத்தட்ட ஒட்டி நிற்கிறது. அதற்கு அப்பால் திறந்த சுமைத்தட்டு, மழை, புழுதி. மிஞ்சுவது இருக்கையின் அடி மட்டும். பின்னால் இடம் நீட்டிய பிக்கப் கபின்கள் 1973இலும் 1974இலும் டொட்ஜ், போர்ட் நிறுவனங்களிடமிருந்து வந்த பின்னர் அமெரிக்காவிலும் இதே இடத்தைச் சுற்றியே பெட்டி செய்பவர்களின் யோசனை ஓடியது.

கணக்கு எளிது. வெளியளவில் 110 சென்ரிமீற்றர் அகலம், 30 ஆழம், 18 உயரம் கொண்ட பெட்டியை 18 மில்லிமீற்றர் பலகையில் செய்தால் உள்ளே சுமார் 40 லீற்றர் காற்று நிற்கும். இருக்கையை 5 சென்ரிமீற்றர் உயர்த்திப் பெட்டியையும் அந்த அளவு உயர்த்தினால் அது 54 லீற்றராகும். இரண்டு அங்குல உயரத்துக்கு 14 லீற்றர் லாபம். 40 லீற்றரில் 12 அங்குல சப்வூபர் ஒன்று மூடிய பெட்டியாக நன்றாக ஒலிக்கும். 54 லீற்றர் இருந்தால் துவாரம் வைத்த பெட்டியே செய்துவிடலாம். லீற்றரைவிட முக்கியமான தடை இன்னொன்று. 12 அங்குல ஸ்பீக்கரின் காந்தம் பொதுவாக 13 முதல் 16 சென்ரிமீற்றர் வரை உள்ளே போகும். முதல் பெட்டியின் உள்ளுயரம் 14.4 சென்ரிமீற்றர்தான். ஸ்பீக்கரை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ பதித்தால் காந்தம் எதிர்ப்பலகையில் முட்டும், அல்லது முட்டாமல் மூச்சுத்திணறும். பலர் இருக்கையை உயர்த்துவது காற்றுக்காக என்பதைவிடக் காந்தத்துக்காக.

வேலை மூன்று கைகளுக்கு உரியது. ஒட்டு வேலைக்காரர், தச்சர், குசன் வேலைக்காரர். இருக்கையின் கால்கள் தரைத்தகட்டில் போல்ட்டால் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றி, தடித்த இரும்புக் குழாய்த் துண்டுகளை இடையில் கொடுத்து, அதே தடிப்பும் அதே வலுத்தரமும் உள்ள நீண்ட போல்ட்டால் இறுக்குவது சரியான முறை. மரக்கட்டையை அணைகொடுத்து இறுக்குவது மலிவு முறை. அது சில மாதங்களில் நசுங்கும், இருக்கை ஆடும், மோதலில் கழன்று முன்னால் வரும். வழக்கமாக இருக்கைக்கு அடியில் இருக்கும் ஜாக்கிக்கும் சில்லுக் கழற்றும் கம்பிக்கும் வேறிடம் தேடவேண்டும். உட்காருபவரின் தலை கூரைக்கு 5 சென்ரிமீற்றர் கிட்ட வரும். இருக்கைப்பட்டியின் பிடிமானம் பழைய இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் மேலேறுவதால் பட்டி படியும் கோணமும் மாறும். ஒலியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பேசாமல் விடுவது இதைத்தான். கிரவல் வீதியில் பின்னால் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு, இருக்கையைத் தொடாமல் 10 அங்குல ஸ்பீக்கரும் தட்டையான பெட்டியுமே பொருத்தம்.

பெட்டி பெருத்தால் மின்சாரமும் பெருக்கவேண்டும் என்று நினைப்பது தவறு. பெரிய பெட்டி குறைந்த வாற்றிலேயே ஆழத்துக்கு இறங்கும். மூடிய கபினே கீழ்ச்சுருதியைத் தூக்கிக் கொடுப்பதால் வயல்வெளிக்குத் தேவைப்படும் வாற்று இங்கே தேவைப்படாது. இன்றைய வாகனத்தின் ஒல்ரனேற்றர் பழைய மொறிஸின் டைனமோவைப்போல மூன்று நான்கு மடங்கு தரும். இருந்தும் பற்றரியிலிருந்து வரும் தடித்த வயரில், பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் போடாமல் விடும் பொருத்துதல்கள் தீக்கு வழி வைக்கின்றன.

சட்டம் இந்த ஒலியை வெளியிலிருந்துதான் பார்க்கிறது. 2007 நவம்பரில் இலங்கை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தியது. கோயில்களின் விடியற்காலைப் பாட்டும் அதற்குள் அடங்கும். 2025 ஜனவரியில் அரசின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டிய மேலதிகப் பொருட்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியபோது உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்தன, அவகாசமும் கேட்டன. வண்ண விளக்கும் ஹோர்னும் கண்ணுக்குத் தெரிந்தவை. இருக்கைக்கு அடியில் இருப்பது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய பிக்கப்பின் விலை எங்கேயோ போய்விட்டது. வெட்டிய தரைத்தகடும் துளைத்த தூணும் அந்த விலையைக் குறைக்கும். எனவே எதையும் வெட்டாமல், கம்பனி போட்ட துளைகளையே பயன்படுத்தி, பழைய போல்ட்டுகளை ஒரு பொட்டலத்தில் கட்டி உரிமையாளரிடமே கொடுத்துவிடுவதுதான் திறமான வேலை. விற்கும் நாளில் பெட்டியைத் தூக்கி எடுத்து இருக்கையை இறக்கிப் பூட்ட ஓர் அரைநாள் போதும்.