தண்ணீர் சூடானால் மீனுக்கு என்ன ஆகும்?

வீட்டு மீன்தொட்டியில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். "பசிக்குது போல" என்று உணவு போட்டிருப்பீர்கள்.

வெயில் நாளில் அது பசியாக இல்லாமல் மூச்சுத் திணறலாக இருக்கலாம்.

நமக்குச் சூடு ஏறினால் வியர்க்கும். உடல் சுமார் 37 டிகிரி செல்சியசிலேயே இருக்கும். பெரும்பாலான மீன்களுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் சூடானால் இதயம், மூளை எல்லாமே சூடாகும்.

அதில் என்ன ஆபத்து?

தேவை கூடும், வரவு குறையும்

தண்ணீரின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் மீனுக்குத் தேவைப்படும் உயிர்வாயு, அதாவது ஆக்சிஜன், ஏறக்குறைய இரு மடங்காகும். சில மீன்களுக்கு அதைவிட அதிகம்.

ஆனால் சூடான தண்ணீரில் உயிர்வாயு குறைவாகவே கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான்.

இதயம்

பற்றாக்குறையைச் சமாளிக்க இதயம் வேகமாகத் துடிக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. தாண்டினால் துடிப்பு தடுமாறும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீனின் இதயத்துக்குள் வருவது, உடல் முழுக்க உயிர்வாயுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம். பல மீன்களில் இதயத் தசை அந்த மிச்சத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காருபவரின் நிலைதான் அதற்கு!

மூளை

நார்வே ஆய்வாளர்கள் ஸீப்ரா மீன் குஞ்சுகளை வைத்து 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குஞ்சுகளின் உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் மூளை செயல்படுவதை நேரடியாகப் பார்க்க முடியும்.

சூடு ஏற ஏற மூளையின் செயல்பாடு குறைந்தது. எல்லையைத் தாண்டிய பிறகு மூளை முழுவதும் ஒரு மின் அலை பரவியது. தண்ணீரில் கூடுதல் உயிர்வாயு இருந்தபோது, குஞ்சுகளால் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்க முடிந்தது.

ஆற்றில் நடப்பது

கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக, கடலிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி வரும். ஆற்றுக்குள் வந்தபின் அவை சாப்பிடுவதில்லை. உடலில் சேர்த்துவைத்த சக்திதான் கடைசிவரை.

1950களிலிருந்து அந்த ஆற்றின் கோடைக்கால வெப்பநிலை ஏறக்குறைய 2 டிகிரி கூடியிருக்கிறது. தண்ணீர் மிகவும் சூடான ஆண்டுகளில் பல மீன்கள் முட்டையிடுமுன் வழியிலேயே மடிகின்றன. அடுத்த தலைமுறையும் அவற்றோடு போய்விடுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

தொட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள். காற்று பம்ப் ஓடட்டும். ஐஸைக் கொட்டாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியும் மீனுக்கு ஆபத்து.

அடுத்த முறை மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், உணவு டப்பாவைத் தேடாதீர்கள். முதலில் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள்.