கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி

கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி என்பது, புருசெல்லா என்னும் பாக்டீரியாவால் கால்நடைகளுக்கு வரும் கருச்சிதைவு நோயைத் தடுக்கப் போடப்படும் ஊசி. புருசெல்லோசிஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நோய் மாடு, எருமை, ஆடுகளைத் தாக்குவதோடு மனிதருக்கும் தொற்றும். மனிதருக்குப் போட இந்தியாவில் இதற்குத் தடுப்பூசி கிடையாது. எனவே கிடேரிக் கன்றுக்குப் போடும் ஊசியே மாட்டுக்கும் அதை வளர்ப்பவருக்கும் சேர்த்துக் காவல். விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற பால்மாட்டுப் பகுதிகளில் வீடுதோறும் அறிந்திருக்க வேண்டிய ஊசி இது.

கிருமியும் நோயும்

1887இல் மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் மண்ணீரலில் இருந்து இக்கிருமியைப் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் பிரித்தெடுத்தார். அவர் பெயரே கிருமிக்கு அமைந்தது. அக்காய்ச்சல் ஆட்டுப்பால் வழியே பரவுவதை 1905இல் தெமிஸ்டோக்லிஸ் சம்மிட் கண்டறிந்தார். மாடுகளின் கருச்சிதைவுக்குக் காரணமான கிருமியை 1897இல் டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் கண்டுபிடித்திருந்தார். இரண்டும் நெருங்கிய உறவுடையவை என்று 1918இல் அமெரிக்காவின் ஆலிஸ் எவன்ஸ் காட்டினார்.

நோய் கண்ட பசு பெரும்பாலும் சினையின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கன்றை வீசிவிடும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கும், பால் குறையும், மறுபடி சினை பிடிப்பது தாமதமாகும். காளைக்கு விதை வீங்கும். அடுத்த ஈற்றில் கன்று நலமாகப் பிறந்தாலும் தாயின் உடலில் கிருமி தங்கிப் பாலில் வெளிப்படலாம். மாட்டைக் குணப்படுத்த நடைமுறைக்கு உகந்த மருந்து இல்லாததால்தான் தடுப்பூசிக்கு இத்தனை முக்கியத்துவம்.

மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி, தீராத அசதி ஆகியவை தோன்றும். டைபாய்டு, காசநோய் என்று தவறாகக் கருதப்பட்டு நாள் கடப்பதுண்டு. டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம் சாப்பிடுவது வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று.

தடுப்பூசி வகைகள்

எஸ்19: 1923இல் அமெரிக்காவின் ஜான் பக், ஜெர்சி பசுவின் பாலில் இருந்து பிரித்த கிருமி, ஆய்வகத்தில் ஓராண்டுக்கு மேல் அறை வெப்பத்தில் இருந்து வீரியம் குறைந்தது. அதுவே மாடுகளுக்கான முதன்மைத் தடுப்பூசி ஆயிற்று. இந்தியாவில் போடப்படுவதும் இதுவே.

ரெவ்.1: எல்பர்க், ஃபான்ஸ் ஆகியோர் 1957இல் அறிவித்த இது செம்மறி, வெள்ளாடுகளுக்கானது. கண்ணில் சொட்டாகவும் விடலாம். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு இக்கிருமி கட்டுப்படாது.

ஆர்பி51: அமெரிக்காவில் 1996இல் ஏற்கப்பட்டது. ஊசி போட்ட மாட்டை நோயுற்ற மாடு என்று இரத்தப் பரிசோதனை தவறாகக் காட்டாது என்பது இதன் சிறப்பு. ஆனால் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாது. அங்கே பச்சைப்பால் குடித்த சிலருக்கு 2017இல் இந்தத் தடுப்பூசிக் கிருமியே தொற்றியது.

மூன்றுமே உயிருள்ள, வலுக்குறைந்த கிருமிகள். மனிதருக்காகச் சோவியத் ஒன்றியத்தில் 19-பிஏ, சீனாவில் 104எம் ஆகியவை பயன்பட்டன. பக்கவிளைவுகளால் உலகெங்கும் ஏற்கப்பட்ட மனிதத் தடுப்பூசியாக எதுவும் நிலைக்கவில்லை.

ஊசி போடும் முறை

எஸ்19 ஊசி 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரே முறை போடப்படுகிறது. சினைமாட்டுக்குப் போட்டால் கன்று வீசக்கூடும். காளைக்கன்றுக்குப் போட்டால் விதை பாதிக்கப்படலாம். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் எதிர்ப்புப் பொருள் நெடுநாள் இரத்தத்தில் நின்று, நோயுள்ள மாட்டையும் ஊசி போட்ட மாட்டையும் பிரித்தறிய முடியாமல் செய்யும்.

மருந்து உலர்தூளாகச் சிறு குப்பியில் வருகிறது. ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்து முகாமுக்குக் கொண்டுவந்து, உடன்வரும் திரவத்தில் கரைத்துத் தோலுக்கு அடியில் ஏற்றுவார்கள். கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஊசி கைதவறிக் குத்தினாலோ மருந்து கண்ணில் தெறித்தாலோ போடுபவருக்கே நோய் வரலாம் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஊசி போட்ட கன்றின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டி, விவரம் கணினியில் பதியப்படுகிறது.

இந்தியாவில்

புருசெல்லோசிஸுக்கான தனிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு 2010இல் தொடங்கியது. 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. கோமாரி, கன்று வீச்சு ஆகிய இரு நோய்களுக்குமாக ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பசு, எருமையின் தகுதியான கிடேரிக் கன்றுகள் அனைத்துக்கும் ஊசி போடுவது இலக்கு. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை முகாம்கள் நடத்தி இலவசமாகப் போடுகிறது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில்

2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு உள்ளூர்ப் பாலே அடிப்படை. பாலையும் சர்க்கரையையும் வாணலியில் ஊற்றி, சுண்டும்வரை கொதிக்கவிட்டுக் கிளறுவதால் பால்கோவாவில் இக்கிருமி பிழைக்காது. 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினாலே பாலில் உள்ள புருசெல்லா அழிந்துவிடும். காய்ச்சிய பாலில் உறை ஊற்றும் நம் வீட்டு வழக்கமும் பாதுகாப்பானதே. கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிப்பதும், குழந்தைக்கு ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் கொடுப்பதும்தான் ஆபத்து.

அடுப்பு, பாலைச் சாப்பிடுபவரைக் காக்கும். தொழுவத்தில் நிற்பவரைக் காக்காது. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியிலும் திரவத்திலும் கிருமி ஏராளம். வெறுங்கையால் கன்றை இழுப்பவருக்குக் கைக்கீறல் வழியாகவே தொற்றும். இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் தொங்கவிடும் பழக்கம் தமிழகக் கிராமங்களில் உண்டு. கன்று வீசிய மாட்டுக்கு இதைச் செய்யக் கூடாது. நாயும் காகமும் இழுத்துச் சென்று கிருமியை ஊர்முழுக்கப் பரப்பும். வீசிய கன்றோடு சேர்த்து, சுண்ணாம்பு தூவி ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்.

ராஜபாளையம் நாய்க்குப் பெயர்பெற்ற ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாய்களுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கேனிஸ் என்ற இனம் தனியே உண்டு. அதற்குத் தடுப்பூசி இல்லை. இனச்சேர்க்கைக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வதே வழி.

குறைபாடுகள்

எஸ்19 நூற்றுக்கு நூறு காப்பு அளிப்பதில்லை. மந்தையில் கன்றுகள் விடுபட்டால் கிருமி மந்தையிலேயே தங்கிவிடும். தேசியத் திட்டம் மாடு, எருமைக் கன்றுகளோடு நின்றுவிடுகிறது. மனிதரை மிகக் கடுமையாகத் தாக்கும் புருசெல்லா மெலிடென்சிஸ் ஆடுகளில் வாழ்வது. வயலில் கிடை போட்டு ஆடு மேய்ப்போர் நிறைந்த தென்மாவட்டங்களுக்கு இது பெருங்குறை. ஆடுகளையும் திட்டத்தில் சேர்ப்பது அவசியம்.

கிடேரிக் கன்று வளர்ப்போர் எட்டு மாதம் முடியும் முன் முகாமுக்கு ஓட்டிச் சென்று ஊசி போட்டுவிட வேண்டும். மாடு கன்றை வீசினால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்; 1962 என்ற இலவச எண்ணிலும் உதவி கிடைக்கும். தொழுவ வேலை செய்பவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால், வீட்டில் மாடு இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.