மறைத்து எழுதப்பட்ட பெயரும் அடாரியின் சரிவும்: பழவேற்காட்டுப் பாடு முறையோடு ஓர் ஒப்பாய்வு

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் கருவியான கன்சோலை அமெரிக்க வீடுகளில் பரப்பிய அடாரி நிறுவனம், 1982 டிசம்பரில் வெளியிட்ட 'ஈ.டி.' என்ற ஒரே விளையாட்டால் அழிந்தது என்ற கதை இன்றும் சொல்லப்பட்டாலும், ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோவில் 1983இல் அடாரி புதைத்த சரக்கு 2014இல் தோண்டியெடுக்கப்பட்டபோது, ஈ.டி.யோடு நன்றாக விற்ற வேறு பல விளையாட்டுகளின் கேட்ரிட்ஜுகளும், அதாவது கருவியில் செருகும் சில்லுப் பெட்டிகளும், அக்குழியிலிருந்து வெளிவந்தன. ஒரு கிடங்கு முழுவதுமே குழிக்குப் போயிருந்தது என்பதே அகழ்வின் செய்தி. எனவே இங்கு எதிர்கொள்ளப்படுவது அந்தக் கதையன்று. அதைவிட வலுவான வாசிப்பொன்றை முன்வைத்த நிக் மான்ட்ஃபோர்ட், இயன் போகோஸ்ட் இருவரும் 2009இல் வெளியிட்ட 'ரேசிங் த பீம்' என்ற நூலாகும்.

அடாரி 1977இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வி.சி.எஸ். கன்சோலில் 128 பைட் நினைவகம் மட்டுமே இருந்தது. ஒரு முழுப் படத்தைச் சேமித்துவைக்க அதில் இடமில்லாததால், திரையில் வரி வரியாக ஓடும் எலெக்ட்ரான் கதிர் அடுத்த வரிக்கு வருமுன் அந்த வரிக்கான உருவை நிரல் ஆயத்தம் செய்தாக வேண்டியிருந்தது. இந்த நெருக்கடியே அக்கால விளையாட்டுகளின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பது மான்ட்ஃபோர்ட், போகோஸ்ட் இருவரின் அடிப்படை வாதம். ஒரு படைப்பை வரவேற்பு, இடைமுகம், வடிவம், நிரல், தளம் என்ற ஐந்து அடுக்குகளாகப் பிரித்து, தளத்தை, அதாவது வன்பொருளை, அடித்தளத்தில் வைத்து மற்றவற்றை அதன்மேல் எழுப்பும் அவர்களது முறை, அதுவரை வெறும் நினைவேக்கக் கட்டுரைகளாக இருந்த துறைக்கு ஒரு கண்டிப்பைக் கொடுத்தது. அந்தக் கடனை ஒப்புக்கொள்ளாமல் அவர்களோடு மாறுபடுவது முறையாகாது. நிறுவனத்தின் வீழ்ச்சியை விளக்குவது அந்நூலின் முதன்மை நோக்கமும் அன்று. ஆயினும் அடுக்குகளை இவ்வாறு வரிசைப்படுத்தியபின், எழுதியவன் யார், அவனுக்கு என்ன கிடைத்தது, அவன் ஏன் வெளியேறினான் என்ற கேள்விகள் அந்த ஐந்தில் எதற்குள்ளும் அடங்காமல் சூழல் என்ற பொதுச்சொல்லுக்குள் தள்ளப்பட்டுவிடுகின்றன. அந்நூலின் 'அட்வென்ச்சர்' பற்றிய இயலிலேயே இக்குறை தெரிகிறது; எழுத்து வடிவில் இருந்த ஒரு கணினி விளையாட்டு எவ்வாறு திரையில் நடந்து திரியும் வெளியாக மாறியது என்பதிலேயே அவ்வியலின் எடை முழுவதும் விழுகிறது. அதே விளையாட்டுக்குள் கிடக்கும் பெயர்ப்பொறிப்பை ஒரு சாசனமாக எடுத்துக்கொண்டு படித்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது.

அப்பொறிப்பு இருக்கும் இடம் விரிவாகவே விளக்கத் தக்கது. அட்வென்ச்சரில் ஆட்டக்காரர் ஒரு சிறு சதுரமாகத் திரையில் நகர்ந்து, மூன்று கோட்டைகளுக்கிடையே அலைந்து, தொலைந்த பொற்கிண்ணத்தை மஞ்சள் கோட்டைக்குக் கொண்டுவர வேண்டும். கறுப்புக் கோட்டைக்குள் அமைந்த புதிர்வழியில், பாலம் என்னும் பொருளைத் தூக்கிச்சென்று வைத்தாலன்றி எட்ட முடியாத அடைப்பொன்றில், பின்னணியின் நிறத்திலேயே ஒற்றைச் சாம்பல் புள்ளி ஒன்று கிடக்கிறது. அதை எடுத்துவந்து மஞ்சள் கோட்டைக்குக் கீழே கிழக்கிலுள்ள அறையில் வேறு பொருள்களோடு சேர்த்துவைத்தால், ஓர் அறையில் இரண்டு பொருள்களுக்கு மேல் ஒரே நேரத்தில் வரைய இயலாத அந்நிரல் அவற்றை மாற்றி மாற்றிக் காட்ட, வலப்புறச் சுவர் விட்டுவிட்டு மின்னுகிறது. அந்த இடைவெளியில் நுழைபவர் காணும் அறையில், நிறம் மாறிக்கொண்டே இருக்கும் எழுத்துகளில், மேலிருந்து கீழாக 'கிரியேட்டட் பை வாரன் ராபினெட்', அதாவது 'வாரன் ராபினெட் படைத்தது', என்று எழுதப்பட்டிருக்கிறது. 4 கிலோபைட் மட்டுமே கொண்ட அந்தச் சில்லில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை இந்த ஓர் அறை விழுங்கியது. ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் அவ்வளவு இடத்தை ஒருவன் தன் பெயருக்காக ஒதுக்கினான் என்றால், அதை விளையாட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ராபினெட்டின் ஆண்டுச் சம்பளம் 22,000 டாலர்; விற்பனையில் அவருக்குப் பங்கில்லை; பெட்டியிலும் கையேட்டிலும் நிரலர் பெயரை அச்சிடுவதும் நிறுவனத்தின் வழக்கமன்று. அவர் இந்த அறையைப் பற்றி எவரிடமும் சொல்லாமல் வேலையை விட்டார். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து அடாரிக்குக் கடிதம் எழுதிய பிறகே நிறுவனத்துக்கு விவரம் தெரியவந்தது. சில்லுக்குப் புதிய அச்சு செய்ய ஏறத்தாழ 10,000 டாலர் ஆகும் என்பதால் பெயர் அழிக்கப்படாமல் விடப்பட்டது.

பொறிப்பின் காலத்தைப் பற்றி ஒரு சிக்கல் உண்டு. அட்வென்ச்சர் வெளிவந்த ஆண்டை 1979 என்பாரும் 1980 என்பாரும் உளர். எழுதி முடித்து ராபினெட் விலகியது 1979 என்பதில் ஐயமில்லையாதலால், கடையில் கிடைத்த தேதியை விட்டுவிட்டு எழுதப்பட்ட தேதியையே சாசனத்தின் காலமாகக் கொள்வது பொருந்தும். மேலும் இது முதல் பொறிப்பும் அன்று. 1977இல் அடாரி கடைகளுக்காகச் செய்த காசு போட்டு ஆடும் இயந்திரமான 'ஸ்டார்ஷிப் 1'இல் ரான் மில்னரின் பெயர் மறைந்திருந்தது 2017இல்தான் தெரிந்தது. ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் சேனல் எஃப் கன்சோலுக்கு 1978இல் வந்த 'வீடியோ விஸ்பால்' விளையாட்டிலும் அதை எழுதியவரின் பெயர் ஒளிந்திருந்தது. மாறுபட்ட இம்மூன்று பாடங்களே தளவழி வாசிப்புக்கு வலுவான மறுப்பாகும். மூன்றும் மூன்று வேறுபட்ட வன்பொருள்களில் எழுதப்பட்டவை. செயல் மட்டும் ஒன்றே. மின்னும் சுவர் வழியே நுழையும் உபாயத்தை வேண்டுமானால் வி.சி.எஸ்.இன் வன்பொருள் வரம்பு விளக்கலாம்; பெயரை ஒளிக்க வேண்டிய நிலையை அது விளக்காது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயர் எல்லோரும் காணும்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், கைவினைஞன் பெயரை இருட்டறைக்குள் தள்ளுவது எந்தக் காலத்துக்கும் பொதுவான வழக்கமன்று என்பது தெளிவாகும்.

அதே 1979ஆம் ஆண்டு அக்டோபரில் டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லான் என்ற அடாரி நிரலர் நால்வரும் ஜிம் லெவியுடன் சேர்ந்து ஆக்டிவிஷனைத் தொடங்கினர். விற்பனையில் பெரும்பகுதி தங்கள் விளையாட்டுகளிலிருந்தே வந்ததை நிறுவனத்தின் உட்குறிப்பொன்றில் கண்டதும், நெசவுத்துணித் தொழிலிலிருந்து வந்து தலைமையேற்றிருந்த ரே காசரிடம் அங்கீகாரமும் பங்கும் கேட்டு மறுக்கப்பட்டதுமே காரணம் என்று கிரேன் பின்னாளில் விவரித்தார். புதிய நிறுவனம் நிரலர்களின் பெயரையும் படத்தையும் வெளிப்படையாக அச்சிட்டது. அடாரி தொடுத்த வழக்கு 1982இல் சமரசத்தில் முடிந்தது. ஒருவர் செய்த கன்சோலுக்கு வேறொருவர் விளையாட்டு செய்து விற்கலாம் என்பது அத்துடன் உறுதியாயிற்று. பின் வந்தது வெள்ளம். ஓட்ஸ் விற்கும் குவேக்கர் நிறுவனம்கூடக் கேட்ரிட்ஜ் விற்றது. 35 டாலர் அளவில் விற்றவை 5 டாலருக்கு இறங்கின. 1982 டிசம்பரில் அடாரியின் உரிமையாளரான வார்னர் தன் வருவாய் எதிர்பார்ப்பைக் குறைத்து அறிவித்ததும் பங்கு விலை சரிந்தது; 1983இல் அடாரியின் இழப்பு 50 கோடி டாலரைத் தாண்டியது.

இந்த வெள்ளத்தின் இயல்பை விளங்கிக்கொள்ளப் பழவேற்காட்டு ஏரி மீனவர்களின் பாடு முறை உதவும். இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் முகத்துவாரப் பகுதிகள் பாடுகளாகப் பிரிக்கப்பட்டு, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற உரிமையுள்ள ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு, அதாவது ஊர்க்கணக்கில் பங்குள்ள குடும்பங்களுக்கு, முறை வைத்துக் கொடுக்கப்படுகின்றன. இன்று ஒரு குழுவுக்கு நல்ல பாடு கிடைத்தால் நாளை அது இன்னொரு குழுவுக்குப் போகும். நீரின் எந்தப் பகுதியில், எந்த வலையை, எந்த நாளில், யார் போடலாம் என்பது ஊர் கூடி முடிவு செய்வது. இம்முறையைக் குற்றமற்றதாகக் காட்டுவது பிழையாகும். அது சாதியை ஒட்டியது. ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபின் பாடு இல்லாத ஊர்கள் உரிமை கேட்டு எழுந்த பூசல்கள் கசப்பானவை. இருப்பினும், சாரா கூல்தார்டு 2008இல் வெளியிட்ட ஆய்வும் காட்டுவதுபோல, ஏரியில் நுழைவதைக் கட்டுப்படுத்தும் நிறுவனமாகவே அது இயங்கிவந்துள்ளது. அடாரியின் சந்தையில் இதற்கு இணையாக எதுவுமில்லை. உழைப்பவர்களுக்குப் பங்கு தந்து உள்ளே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை. வெளியே இருப்பவர்களைத் தடுக்கும் வேலியும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமற்போனதே சரிவின் வடிவம்.

ஒரு பெயர்ப்பொறிப்புக்கும் 50 கோடி டாலர் இழப்புக்கும் நேரடித் தொடர்பு காட்டும் ஆவணம் இல்லை என்பது உண்மையே. ராபினெட் ஆக்டிவிஷனில் சேர்ந்தவருமல்லர். கமோடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளின் விலை வீழ்ச்சியும் கன்சோல்களை அடித்தது. ஆனால் ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்தில், ஒருவன் பெயரை ஒளித்துவைத்துவிட்டுப் போக, நால்வர் பெயருக்காக வெளியேறிப் போட்டியாளராயினர் என்பதைத் தற்செயல் என்று சொல்பவரே அதற்குச் சான்று காட்ட வேண்டும். பின் நடந்தவையும் இவ்வாசிப்பையே உறுதிப்படுத்துகின்றன. 1985இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ, அனுமதியில்லாத கேட்ரிட்ஜை ஏற்காத பூட்டுச் சில்லொன்றைத் தன் கருவிக்குள் பொருத்தி, வெளி நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 5 விளையாட்டுகளே வெளியிடலாம் என்று வரம்பிட்டது. இதைப் பாடு என்று அழைக்க இயலாது. பாட்டில் முறை வகுப்பவர்கள் வலை போடுபவர்களே, நின்டெண்டோவில் ஏரிக்கு உடையவர் ஒருவரே, மற்றவர் குத்தகைதாரர். அடாரியும் 1984இல் வடிவமைத்து 1986இல் பரவலாக விற்ற 7800 கன்சோலில், அனுமதி பெறாத விளையாட்டுகளைத் தடுக்கும் மறைக்குறியீட்டுக் கையொப்பத்தைச் சேர்த்தது. எங்கே ஒழுகியது என்பது அதற்குள் அடாரிக்கே தெரிந்துவிட்டிருந்தது.

எனவே அடாரியின் இறங்குமுகத்தை ஈ.டி. வெளிவந்த 1982 டிசம்பரிலிருந்தோ, வி.சி.எஸ். தன் வன்பொருள் எல்லையை எட்டிய நாளிலிருந்தோ தொடங்காமல், வெற்றியின் உச்சிக்கு அது ஏறிக்கொண்டிருந்த 1979இலிருந்தே தொடங்க வேண்டும். 1984 ஜூலையில் வீட்டுக் கருவிப் பிரிவை வார்னர், கமோடோரை நிறுவிய ஜாக் டிராமியலிடம் கொடுத்தது. 1993இல் வெளியிட்ட ஜாகுவார் கன்சோலும் தோற்றபின், டிராமியலிடம் போன அடாரி 1996இல் வன்தட்டு செய்யும் ஜே.டி.எஸ். நிறுவனத்தோடு இணைந்தது. 1976இல் வார்னர் 2.8 கோடி டாலர் கொடுத்து வாங்கிய அடாரியின் பெயரும் சொத்துரிமைகளும், 1998இல் ஹாஸ்ப்ரோ நிறுவனத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டன.